சம்பளம் வராத மாதம்

அமீரகத்தில் தனியார் கம்பெனித் தொழிலாளர்களின் சம்பளம் 2009-க்குப் பிறகு ஒரு கணினிக் கோப்பின் வழியாகத்தான் போகிறது. ஊதியப் பாதுகாப்பு முறை என்று பெயர். இங்கே எல்லோருக்கும் அது டபிள்யூபிஎஸ். மாதக் கடைசியில் கம்பெனியின் கணக்குப் பிரிவு அந்தக் கோப்பைத் தயாரித்து வங்கிக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ அனுப்பும். ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி. தொழிலாளர் எண், பணம் போய்ச்சேர வேண்டிய கணக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள், நிலையான சம்பளம், ஓவர்டைம் மாதிரி மாறும் தொகை, விடுப்பு நாட்கள். ஒரு மனிதனின் ஒரு மாதம் அந்த வரியில் அடங்கிவிடும். ஷார்ஜாவிலும் துபாயிலுமாகச் சில கட்டுமானக் கம்பெனிகளில் இந்தக் கோப்பைத் தயாரிப்பதுதான் என் பிழைப்பு.

இதற்கு முன் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் இந்தக் கோப்பைக் குறைசொல்லத் தயங்குவார்கள். சம்பள நாளில் கேம்ப்பில் மேசை போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு, கவரில் வைத்துக் கொடுப்பார்கள். மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டு ஒரு மாதத்துக்குக் கொடுக்கிற இடங்கள் இருந்தன. புகார் கொடுக்கப் போனால் தொழிலாளி கையில் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. இப்போது சம்பளம் போகவில்லை என்றால் அமைச்சகத்தின் திரையில் அது தெரிகிறது. தாமதம் நீண்டால் அந்தக் கம்பெனிக்குப் புதிய வேலை அனுமதி கிடைக்காது. சவூதி 2013-லும் கத்தார் 2015-லும் இதே மாதிரியான முறையைக் கொண்டுவந்தன. எல்லாத் திருட்டும் நின்றுவிடவில்லை. ஆனால் திருட்டுக்கு ஒரு தேதி கிடைத்தது.

பணம் கணக்கில் போக வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது. கணக்கு எங்கே இருக்கிறது? இங்குள்ள வங்கிகளில் சாதாரணமாக 3,000 திர்ஹம் மீதம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கட்டணம். 1,200 திர்ஹம் வாங்குகிற ஷட்டரிங் தச்சர் 3,000 திர்ஹத்தை எங்கிருந்து வைத்திருப்பார்? அதனால் வந்ததுதான் சம்பளக் கார்டு. கார்டைத் தொடர்ந்து செல்போன் செயலி. வெள்ளிக்கிழமைகளில் சோனாப்பூரிலிருந்து பஸ் பிடித்து, எக்ஸ்சேஞ்ச் வாசலில் வெயிலில் வரிசை நின்று ஊருக்குப் பணம் அனுப்பிய காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது. இந்த வேலையில் இறங்கிய நிறுவனங்களுக்குப் பணம் போட்டவர்களில் ஒரு வகையினர் தனியானவர்கள். லாபமும் வேண்டும், ஏழைக்கு நன்மையும் வேண்டும் என்று சொல்லி முதலீடு செய்கிறவர்கள். 2007-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய ஒரு கூட்டத்தில் இதற்கு இம்பாக்ட் இன்வெஸ்டிங் என்று பெயர் வைத்தார்கள். 2010-களின் நடுவில் துபாயில் தொடங்கிய நவ் மணி என்ற நிறுவனம் வளைகுடாவின் குறைந்த சம்பளத் தொழிலாளர்களையே வாடிக்கையாளர்களாகக் கொண்டது. அதில் பணம் போட்டவர்களில் அக்சியன் வென்ச்சர் லேப் ஒன்று. அக்சியன், 1961-இல் வெனிசுவேலாவின் கராகஸில் தொண்டு நிறுவனமாகத் தொடங்கியது.

இந்தக் கேள்வி எனக்குத் தத்துவமாக வரவில்லை. அண்ணன் மகள் மூலமாக வந்தது. அவள் டொராண்டோவில் பிறந்தவள், இப்படியொரு முதலீட்டு நிதியில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒரு கையேட்டை அனுப்பி, "சித்தப்பா, நம்ம மாதிரி ஆளுங்களும் கொஞ்சம் போடலாம். பேங்க்ல கிடக்கிற பணம் யாருக்காவது உதவட்டுமே" என்று எழுதியிருந்தாள். பிரித்துப் பார்த்தேன். அந்த நிதி பணம் போட்டிருந்த இடங்களில் இரண்டு எனக்குப் பழக்கமானவை. ஒன்று, வளைகுடாத் தொழிலாளர்களுக்குக் கார்டும் சம்பள முன்பணமும் கொடுக்கிற நிறுவனம். இன்னொன்று, தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிற நிறுவனம். முதலாவது இத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்திருக்கிறது, இரண்டாவது இத்தனை லட்சம் பேரை என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்கள். இரண்டையும் கூட்டி அடியில் ஒரு மொத்தம்.

அந்தக் கூட்டலில் என் கண் நின்றுவிட்டது. அந்த இரண்டு எண்களுக்குள்ளும் இருக்கக்கூடிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அவர் அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில் தச்சர். எங்கள் பக்கத்துக்காரர்தான், அறந்தாங்கியிலிருந்து சில மைல் உள்ளே. 2018-இல் வந்தார். ஆளெடுக்கும் ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் என்கிறது இந்திய விதி. தொழிலாளியிடம் ஒரு காசும் வாங்கக்கூடாது என்கிறது அமீரகச் சட்டம். அவர் கொடுத்தது ஒரு லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி, அவர் மனைவி எடுத்த இரண்டு குழு லோன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் கறவை மாடு என்று எழுதியிருந்தார்களாம். எங்கள் ஊரில் அப்படி வாங்கிய மாடுகளில் பாதி விமானம் ஏறியிருக்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. தொழிலாளி சம்மதித்தால் சம்பளமில்லா விடுப்புக் கொடுக்கலாம், சம்பளத்தைக் குறைக்கலாம் என்று அமீரகத்தில் ஓர் அமைச்சக ஆணை வந்தது. சம்மதத்துக்குப் படிவம் வந்தது. கேம்ப்பில் அடைந்துகிடந்தவர்களில் யார் சம்மதிக்காமல் இருந்திருப்பார்கள்? ஏப்ரல் கோப்பில் நானே டைப் அடித்தேன்: விடுப்பு 30 நாள், நிலையான சம்பளம் பூஜ்யம். அவர் வரி மட்டுமில்லை, இருநூற்றுச் சொச்சம் வரிகள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணை கட்ட அவகாசம் கொடுத்தது. அவகாசம் தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை. வட்டி தன்பாட்டில் ஓடியது. வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அடுத்த ஆண்டு மார்ச்சில். இந்தப் பக்கம் அவருக்குச் சம்பளம் இல்லை, அந்தப் பக்கம் அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை வசூல் நிற்கவில்லை. அவகாசம் எடுத்தால் அடுத்த லோன் கிடைக்காது என்று சென்டரில் சொன்னதாக அவர் சொன்னார். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது.

அந்தக் கையேட்டின்படி அந்த நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் சேவை பெற்றுக்கொண்டிருந்தார்கள். உண்மையில் இருந்தது ஒரே அடுப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி ஒரு குடும்பத்தின் மாதக் கடன் தவணைகள் அதன் வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அமீரக மத்திய வங்கியின் 2011 விதிப்படியும் கடன் தவணை சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு பேரும் நல்ல எண்ணத்தோடு ஒரே எண்ணைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே குடும்ப வருமானமாக எழுதப்படுவது இங்கிருந்து போகிற பணம். இங்கே சம்பளமாகப் பார்க்கப்படுவதும் அதே பணம். பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு. இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது.

நான் இதைச் சொன்னதும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்போ அவருக்கு யாரும் கடனே கொடுக்கக்கூடாதுங்கிறீங்களா சித்தப்பா? இல்லேன்னா அவர் எங்கே போவார்?" என்றாள். நியாயமான கேள்வி. அவர் போன இடம் எனக்குத் தெரியும். கேம்ப்பில் பத்து வட்டிக்குக் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். நூற்றுக்கு மாதம் பத்து. வருஷத்துக்கு 120 சதவீதம். தவணை தவறினால் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். செயலியில் எடுக்கிற முன்பணத்தில் அந்த அவமானம் கிடையாது. ஒரு பேச்சுக்கு, 300 திர்ஹம் எடுத்து 15 திர்ஹம் கட்டணத்தோடு பத்து நாளில் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். ஆண்டுக் கணக்கில் போட்டால் அது 180 சதவீதத்தைத் தாண்டும். இதை எழுதி அனுப்பினேன். "டாக்ஸிக் கட்டணத்தை வருஷத்துக்குப் பெருக்கிப் பார்ப்பீங்களா?" என்று பதில் வந்தது. அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பத்து நாள் அவசரத்துக்கு 15 திர்ஹம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவரிடம் போய் ஆண்டு வட்டி விகிதம் பேசுவது வக்கீல் வேலை. குரோசரிக் கடைக்காரர் பற்று எழுதிக் கொடுக்கும்போது அரிசி விலையில் ஏற்றிக்கொள்வதை நாம் வட்டி என்று சொல்வதில்லை.

ஆகவே ஏழையிடம் லாபம் சம்பாதிப்பதே பாவம் என்ற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. அப்படிச் சொன்னால் குரோசரிக்காரர், பஸ் முதலாளி, எக்ஸ்சேஞ்ச், சம்பளம் வாங்கிக்கொண்டு கோப்புத் தயாரிக்கிற நான் எல்லோரும் அதில் வருவோம். இலவசமாகக் கொடுப்பவர்களை நம்பிக் கேம்ப் நடக்காது.

என் உறுத்தல் வேறு இடத்தில் இருந்தது. அதை எனக்குத் தெளிவாக்கியது எங்கள் வட்டாரத்தின் பழைய கதை.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் காரைக்குடி. அங்குள்ள பெரிய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடித்து விளையாடிய வயதில் அந்த மரம் ஏன் பர்மாவிலிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்த பிறகு ஐராவதிக் கழிமுகத்தின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. சதுப்பை வெட்டித் திருத்தப் பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் அவனை உள்ளே விடவில்லை. கொடுத்தவர்கள் நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் ஏறக்குறைய 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அந்த ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, உள்ளூர் வட்டிக்காரர்களைவிடச் செட்டியார்கள் குறைவாக வாங்கினார்கள், கணக்கில் நாணயமாக இருந்தார்கள் என்பது பதிவானது. இன்றைய கையேட்டு மொழியில் எழுதினால், வங்கி எட்டாத மக்களுக்கு, உள்ளூரை நன்கறிந்த கிளைகள் வழியே, நியாயமான விலையில் கடன். குறை சொல்ல என்ன இருக்கிறது?

1930-இல் நெல் விலை சரிந்தது. விவசாயியால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். அவர்கள் நிலத்தை ஆசைப்பட்டு வாங்கவில்லை. பணமாகத் திரும்பினால் போதும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். நிலம் அவர்களுக்கும் பாரம். ஆனால் பர்மியக் குடியானவனுக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டிய அவசியமில்லை. அவன் பார்த்தது, பொய்த்தது உலகச் சந்தை, போனது தன் வயல். பிறகு வந்த வெறுப்பும், 1942-இல் நம்மவர்கள் நடந்தே அசாமுக்கு வந்ததும், 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்ததும் வேறு பல காரணங்களும் கலந்த நீண்ட கதை. எனக்கு இங்கே வேண்டியது அந்த எட்டு ஆண்டுகள் மட்டும். விளைந்த ஆண்டுகளில் இரு தரப்புக்கும் லாபம். விலை விழுந்த ஆண்டு முழுக்க ஒரு தரப்பின் தலையில். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, யாரும் ஏமாற்றவில்லை.

இந்த இடத்திலிருந்து பார்த்தால் மற்றவை வேறு மாதிரி தெரிகின்றன. மெக்சிகோவின் கம்பார்த்தமோஸ் வங்கி 2007 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தபோது பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கில் ஏறக்குறைய 30 சதவீதத்தை 45 கோடி டாலர் அளவுக்கு விற்றார்கள். அந்தப் பெண்கள் கட்டிய வட்டி, வரியையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 100 சதவீதம். முகமது யூனுஸ் வெளிப்படையாகவே கண்டித்தார். விற்றவர்களில் அக்சியனும் ஒன்று, உலக வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி இன்னொன்று. கிடைத்ததில் பெரும்பகுதி மீண்டும் நல்ல காரியத்துக்கே போகும் என்று அவர்கள் தரப்பில் சொன்னார்கள். போயிருக்கலாம். அந்த நல்ல காரியத்துக்கு நிதி கொடுத்தது யார் என்று பார்த்தால், சந்தையில் தக்காளி விற்கிற பெண்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஹைதராபாத்தின் எஸ்கேஎஸ் 2010 ஆகஸ்டில் அதே பாதையில் சந்தைக்கு வந்தது. இரண்டே மாதத்தில், கடன் வசூல் நெருக்கடியில் நடந்த தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. இலங்கையில் 2018-இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனில் சிக்கிய பெண்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் முதலில் வந்து சேர்ந்தவற்றில் லீசிங் கம்பெனிகளும் உண்டு என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த எல்லா இடங்களிலும் வட்டி விகிதத்தைப் பற்றியே வாதம் நடந்தது. வட்டி முக்கியம்தான். ஆனால் 24 சதவீதக் கடனும் கெட்ட ஆண்டில் ஒரு வீட்டை அழிக்கும். தோள் கொடுக்க ஆள் இருந்தால் அதைவிடக் கூடுதலான வட்டியும் கடந்து போகும்.

நான் வாழ்கிற இந்த மண்ணிலேயே இதைப் பற்றி யோசித்து வைத்திருக்கிறார்கள். இஸ்லாமிய நிதி முறையில் முளாரபா என்று ஓர் ஏற்பாடு உண்டு. பணம் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது. லாபத்தைப் பேசியபடி பிரித்துக்கொள்வார்கள். நட்டம் வந்தால் பணம் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். ஆபத்தில் பங்கு இல்லாதவனுக்கு லாபத்திலும் பங்கு கிடையாது என்பது உள்ளே இருக்கிற எண்ணம். துபாய் இஸ்லாமிய வங்கி 1975-இல் தொடங்கியது, இந்த வகையில் உலகின் முன்னோடி வங்கிகளில் ஒன்று. நடைமுறையில் இவ்வகை வங்கிகளில் பெரும்பாலும் நடப்பது முராபஹா. பொருளை வாங்கி, லாபம் சேர்த்துத் தவணைக்கு விற்பது. ஆபத்தைப் பங்கிடுவது கடினமான தொழில், விலையில் ஏற்றி விற்பது சுலபமான தொழில் என்பதில் எல்லா மதத்தாரும் ஒன்றுதான். வள்ளுவரும் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் தனித்தனியாகத்தான் வைத்தார். கொடுப்பது வேறு, சேர்ந்து தாங்குவது வேறு என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கேம்ப்பில் ஏலச் சீட்டு நடக்கும். அமீரகச் சட்டத்தின் கண்ணில் அது பிசகு. அனுமதி இல்லாமல் பணம் திரட்டக்கூடாது. எடுத்துக்கொண்டு ஓடியவர்களும் உண்டு, ஆகவே அதைப் புகழ்பாட மாட்டேன். ஆனால் 2020-இல் ஒன்றைப் பார்த்தேன். பதினைந்து பேர் சேர்ந்த ஒரு சீட்டில் ஒன்பது பேருக்குச் சம்பளம் நின்றுபோனது. எல்லோருமாக உட்கார்ந்து நான்கு மாதம் சீட்டையே நிறுத்திவைத்தார்கள். தள்ளு இல்லை, அபராதம் இல்லை. ஏற்கெனவே எடுத்தவர்கள் பிறகு கட்டினார்கள். சம்பளம் வந்துகொண்டிருந்த ஆறு பேருக்கு அதில் நட்டம்தான். ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "ஒரே ரூம்ல படுக்கிறோம் சார்" என்றார்.

கேரள அரசின் கேஎஸ்எஃப்இ 2018-இல் வெளிநாட்டு மலையாளிகளுக்கென்று பிரவாசி சிட்டி தொடங்கி, முதலில் அமீரகத்தில் இருப்பவர்களைச் சேர்த்தது. அந்தப் பணம் மாநிலத்தின் சாலை, பாலம், பள்ளிகளுக்கான நிதியத்தின் பத்திரங்களில் போகும்படி ஏற்பாடு. மலையாளிகள் எதையும் அரசு முத்திரையோடு செய்துவிடுகிறார்கள். நம் பக்கம் இதற்கு ஈடாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

கெட்ட மாதத்துக்கென்றே செய்யப்பட்ட ஏற்பாடுகளும் இங்கே வந்திருக்கின்றன. கம்பெனி சம்பளம் கொடுக்காமல் போனால் ஒரு தொழிலாளிக்கு 20,000 திர்ஹம் வரை கிடைக்கும்படி, ஆண்டுக்கு 60 திர்ஹம் பிரீமியத்தில் ஒரு காப்பீட்டை 2018-இல் அமீரகம் கொண்டுவந்தது. 2023 தொடக்கத்திலிருந்து வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹமோ அதற்குக் கீழோ இருந்தால் மாதம் 5 திர்ஹம். வேலை போனால் மூன்று மாதம் வரை அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம். முதல் தடவை பிடித்தபோது கேம்ப்பில் திட்டாத ஆள் இல்லை. எனக்குக்கூட அது இன்னொரு பிடித்தமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால் 5 திர்ஹத்துக்கு இவ்வளவு நேரடியாகக் கெட்ட காலத்தில் வந்து நிற்கிற நிதிச் சேவை வேறு எதுவும் அந்த மனிதர் வாழ்க்கையில் இல்லை. ஓட்டைகள் உண்டு. ஓராண்டு கட்டியிருக்க வேண்டும், ராஜினாமாவுக்குக் கிடையாது. 2020-இல் நடந்ததுபோல வேலையில் வைத்துக்கொண்டே சம்பளமில்லா விடுப்பில் உட்காரவைத்தால் அதற்கும் கிடையாது. அந்த மாதம் இன்னும் திறந்தே கிடக்கிறது.

இவற்றையெல்லாம் அவளுக்கு எழுதினேன். எழுதும்போதுதான் என் உறுத்தலுக்குப் பெயர் கிடைத்தது. முன்பணத்துக்கு அந்தக் கட்டணம் ஏன் என்று கேட்டால் ஆபத்து என்பார்கள். அடமானம் இல்லாத கடன், ஏழை, வெளிநாட்டவர். ஆனால் சம்பளம் வருவதே அந்த நிறுவனத்தின் கார்டில். தொழிலாளி கண்ணில் படுவதற்கு முன் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் ஏமாற்ற நினைத்தாலும் வழி இல்லை. அவர்களுக்குப் பணம் திரும்பாமல் போக முக்கியமான காரணம் ஒன்றுதான். கம்பெனி சம்பளம் போடாத மாதம். அந்த மாதம் எது, யாருக்கு என்பது அந்தக் கோப்பில் இருக்கிறது. நான் அடிக்கிற அதே வரி, அதே பூஜ்யம். எந்தத் தேதியில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்கிட அந்த வரியைப் படிக்கிற கணினி, பூஜ்யத்தைப் பார்த்ததும் கட்டணத்தையும் தவணையையும் நிறுத்திவைக்கும்படி எழுத ஒரு பிற்பகல் போதும். கூட்டி வரும் நட்டத்தை முதலீட்டாளர் ஏற்க வேண்டும். அவர் பங்குக்கு அதுதான் ஆபத்து. அதற்குத்தானே லாபம்? டொராண்டோவில் பென்ஷன் பணம் போட்டவருக்கு அது ஆண்டு வருமானத்தில் ஒரு புள்ளி குறைவாக இருக்கும். அறந்தாங்கியில் அது ஒரு கழுத்துச் சங்கிலி.

இப்போது இது அவசரமும்கூட. தனிநபர் கடனுக்கு இங்கே வங்கிகள் நெடுங்காலமாக 5,000 திர்ஹம் சம்பளம் வேண்டும் என்று வைத்திருந்தன. அந்த வரம்பை எடுத்துவிடும்படி மத்திய வங்கி சொல்லியிருப்பதாக 2025 நவம்பரில் இங்குள்ள பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதுவரை வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்குக் கதவு திறக்கிறது. நல்ல செய்திதான். நிறையப் பேர் நுழைவார்கள், நிறையப் பேர் பணம் போடவும் வருவார்கள்.

அவள் என் கடிதத்தைத் தன் மேலதிகாரியிடம் காட்டியிருக்கிறாள். கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார்களாம். பூஜ்ய மாத விதியை வைத்தால் போட்டி நிறுவனம் குறைந்த கட்டணம் சொல்லி வாடிக்கையாளரைக் கொண்டுபோய்விடும் என்று ஒருவர் சொன்னாராம். அது உண்மையாக இருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆரோக்கியமானவன் தன் வரியில் பூஜ்யம் விழும் என்று நினைப்பதில்லை. 15 திர்ஹத்தையும் 12 திர்ஹத்தையும்தான் ஒப்பிடுவான். கூட்டத்தில் ஒப்புக்கொண்டது ஒன்று: அடுத்த கையேட்டில் வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் குடும்ப எண்ணிக்கையையும் போட முயல்வார்கள். "அது பெரிய விஷயம் சித்தப்பா, உங்களுக்குத் தெரியாது" என்றாள். இருக்கும். பணம் போடுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

தச்சர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். ஃபோர்மேன் ஆகிவிட்டார். சங்கிலி மீண்டுவிட்டது. மூத்தவள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், அதற்கு மறுபடி ஒரு குழு லோன். போன மாதம் கூப்பிட்டு, ஊர் வியாழக்கிழமைத் தவணையை இங்கிருந்தே நேராகக் கட்ட ஏதாவது ஆப் இருக்கிறதா, மாதம் நாலு தடவை மனைவிக்குத் தனித்தனியாக அனுப்பி எக்ஸ்சேஞ்ச் கட்டணம் கொடுத்துத் தீரவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தார். இறக்கிக் கொடுத்தேன். பத்தாக்காவைப் படம் எடுத்து, முகத்தைக் காட்டி, எல்லாம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. உள்ளே போனதும் முதல் திரையில் சம்பள முன்பணம் வேண்டுமா என்று கேட்டது. விரலால் அதைத் தள்ளிவிட்டு, "தவணை எங்க சார் இருக்கு?" என்றார். இரண்டு திரை தள்ளி இருந்தது.